ஓடைக்கு ஒரு பிறப்புப் பாட்டு

பனாமோஸ் மாதம் (கோடைக் கடைசி), வளர்பிறை மூன்று

இன்று நான் பாட வாயைத் திறந்ததும் ஹெலிக்கோன் மலை ஒரு சாண் நகர்ந்தது. ஆடுகள் சாட்சி. வெறும் பாழிலிருந்து பூமித்தாயைப் பிறப்பித்து, வானத்தை அவளுக்குக் கட்டிவைத்து, பிள்ளைகளையும் பெறவைத்துவிட்டேன். எல்லாம் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே! பௌர்ணமிக் கலைமகளிர் விழாப் போட்டியில் தேவர்களின் பிறப்பைப் பாட இந்த மெலாந்தோஸை விட்டால் யார்?

நான் வளர்க்கும் அண்ணன் மகள் ஃபானோ, "சித்தப்பா, கூழ் ஆறுது" என்றாள். இந்த வீட்டில் எனக்கு இவ்வளவுதான் மரியாதை.

வளர்பிறை ஐந்து

ஃபானோ மனசு வைத்திருக்கும் தேரோனின் அப்பா கஃபீசியாஸ் வந்தார். சம்பந்தம் பேசத்தான் என்று அத்திப்பழம் எடுத்து வைத்தேன். தொடவில்லை.

"யோவ், போன விழாவுல ஓக்கியானோஸ் சாமி பெத்த ஆறுங்கள வரிசையாச் சொன்னீரே, எங்க லாமிஸ் எங்கய்யா?"

"அது... ஓடைதானே?"

"எங்க குலத்துக்கே அவருதான் தகப்பன். எங்கப்பன் பேரு பாட்டுல இல்லன்னா, உம்ம பொண்ணுக்கு எங்க வீட்டுல இடமில்ல."

போய்விட்டார். ஃபானோ என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வளர்பிறை எட்டு

வரிகள் தயார்! லாமிஸ் பிறந்த வேகத்தில் அண்ணன்களை இடித்துத் தள்ளினான். மூத்த தேவர்களான டைட்டன்களின் தேர்களை உருட்டினான். அவன் போட்ட இரைச்சலில் ஸீயஸே தூக்கம் கெட்டு எழுந்தார்.

"சித்தப்பா, அதுல வாத்து நீந்தாது. நடந்துதான் போகும்."

"பாட்டுக்குள்ள வாத்துக்கு என்னடி வேலை?"

"நீங்க கிண்டல் பண்றதா அவரு நெனச்சிட்டா?"

என் பாட்டையா? ...நினைப்பாரோ?

பௌர்ணமி

விழாவிலிருந்து இப்போதுதான் வந்தேன். மெழுகுப் பலகையில் எழுத்தெல்லாம் துள்ளுகிறது.

பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய குரோனோஸ் வரை ஒரே இடிமுழக்கம். பிறகு ஆறுகள். லாமிஸ் தேர்களை உருட்டினான் — கூட்டம் கொல்லென்று சிரித்தது. கஃபீசியாஸ் எழுந்துவிட்டார்.

"நிறுத்துய்யா! யாரையோ பாடுற! எங்கப்பன் கணுக்கால் அளவுதான். அதுக்கென்ன? அவரப் பாடு!"

செத்தேன். பரிசு போச்சு, ஃபானோ கல்யாணமும் போச்சு. கையிலிருந்த பாடகர் கோலைத் தரையில் ஊன்றினேன். கலைமகளிரே, தாய்மாரே, என் வாயைக் கொஞ்சம் சுருக்குங்கள்!

சுருக்கினார்கள். கடைக்குட்டி லாமிஸ், அம்மா களைத்திருந்தபோது பிறந்தவன். வெயில் காலத்தில் கல்லுக்கடியில் தூங்குவான். மழை கூப்பிட்டால் எழுந்துவந்து ஆட்டுக்குட்டிகளின் காலைக் கழுவுவான். அவ்வளவுதான் பாடினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கஃபீசியாஸ் மெல்ல உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

பரிசு வேறொருவனுக்கு. நன்றாகத்தான் பாடினான், என்னில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வெளியே கஃபீசியாஸ் என் தோளைப் பிடித்தார். "மழ வரட்டும் சம்பந்தி. அப்பன் எந்திரிச்சதும் அவரு தண்ணியிலயே பொண்ணக் குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போறோம்."

சம்பந்தியாம்! ஃபானோ என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஸீயஸின் இடிகூட இப்படி வலித்திருக்காது.

பூக்காத்தியோஸ் மாதம் (குளிர்காலம்), வளர்பிறை ஏழு

மூன்று நாளாக விடாத மழை. இன்று கல்யாணக் குளியல். குழல் ஊதிக்கொண்டு பெண்கள் ஓடைத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவர, முன்னால் கஃபீசியாஸ், தொப்பலாக நனைந்து, கத்திக்கொண்டே வந்தார்:

"வழி விடுங்க, வழி விடுங்க! எங்கப்பா வர்றாரு!"

நான் எழுந்து நின்றேன்.