பி.டி. என்றால் எந்த ஊர்?

மாப்பிள்ளை, இன்று காலை லிங்கி சாலையில் ஒரு பேருந்து என்னைக் கடந்து போனது. நெற்றியில் 'பி.டி.' என்று இரண்டே எழுத்து. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

எவனோ ஒரு துரையின் பெயரைத் துறைமுகத்துக்கு வைத்தார்கள். போர்ட்டிக்சன் என்று முழுதாகச் சொல்ல நமக்குப் பொறுமையில்லை, பி.டி. ஆக்கிவிட்டோம். தோட்டத்து ஆபீஸ் கடிதங்களிலோ அதே பி.டி. மாவட்ட அலுவலகம், மலாயில் பெஜாபாட் டாயேரா. இருபது வருடம் அந்த ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கு இரண்டும் அத்துப்படி. அந்தத் திமிர்தான் வினையாகிப் போனது.

உனக்குச் சிறுநீரகம் கெட்டு, வயிற்றில் குழாய் வைத்துத் தண்ணீர் மாற்றப்போவதாக டாக்டர் சொல்லியிருந்தார். தேதியைப் போனில் சொல்வார்களாம். போன் வந்தபோது நீ மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாய். தங்கச்சி வேலைக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன். திங்கட்கிழமை, காலை எட்டு மணி, பி.டி.

"போர்ட்டிக்சனுக்கு மாத்திட்டாங்க லா, பக்கம்தான்" என்றேன்.

"எப்பவும் சிரம்பான் ஆஸ்பத்திரிதானே மச்சான், இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க."

"எனக்குத் தெரியாத பி.டி.யா?" என்று உன் வாயை அடைத்தேன்.

திங்களன்று போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரியில் உன் பெயரே பதிவில் இல்லை. நான் கவுண்டரில் சத்தம் போட்டேன். கால் வீங்கி உனக்குச் செருப்பு ஏறவில்லை. நாற்காலியில் குனிந்து மூச்சுக்குத் தவித்தாய். நம் ஆள் நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள்.

"அண்ணே, இது ஊரு பேரு இல்லண்ணே. வயித்துச் சவ்வுக்கு இங்கிலீசுல பெரிட்டோனியம். அதுல 'பி', டயாலிசிஸ்ல 'டி'. உங்கள சிரம்பான்ல தேடிக்கிட்டு இருப்பாங்க, கெளம்புங்க!"

காரில் சாய்ந்து கிடந்தாய். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் உன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். செத்துவிடாதே, செத்துவிடாதே என்று முனகிக்கொண்டே ஓட்டினேன். போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. நேராக ஆக்சிஜன் வைத்தார்கள். குழாய் வைக்க அப்புறம் நான்கு நாள் ஆனது.

தங்கச்சி கட்டிலோரம் அழுதுகொண்டு நின்றாள். "யாரு உங்கள பி.டி.க்குப் போகச் சொன்னது?"

நீ முகமூடியை விலக்கினாய். "நான்தான் போன்ல தப்பா கேட்டுட்டேன்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மூன்று வருடம் இருந்தாய். ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருக்கலாம் நீ. திட்டியிருந்தால் நானும் தங்கச்சியிடம் வாயைத் திறந்திருப்பேன்.

போன வாரம் உன் திவசம். வந்தவர்களிடம் தங்கச்சி அந்தக் கதையைச் சொன்னாள். "பி.டி.ன்னு காதுல விழுந்ததும் கடலுக்குக் கெளம்பிட்டாரு லா என் வீட்டுக்காரரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மாப்பிள்ளை.