பதினான்கு ஸ்தலமும் என் இரண்டு காலும்

மார்ச் 7, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். சேர்வராயன் மலைப்பக்கம் ஒரு மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இன்று முதல் எழுதி வைப்பதென்று முடிவு.

நேற்றுப் பூசை முடிந்ததும் உபதேசியார் என்னைத் தனியே கூப்பிட்டார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த தடியைப் பார்த்தார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு இந்த வருஷம் வேறு ஆள் சிலுவை சுமக்கட்டுமாம். நான் பெஞ்சில் உட்கார்ந்து செபம் சொன்னால் போதுமாம். பத்தொன்பது வருஷமாக அதைச் சுமப்பவன் நான். ஐப்பசி மழையில் கிணற்றடிக் கல்லில் வழுக்கி விழுந்தது உண்மை. எலும்பு முறியவில்லை. ஆறு வாரம் கட்டிலில் கிடந்ததில் கால் நடையை மறந்துவிட்டது, அதுவும் உண்மை. அதற்காக?

நேரே பங்குச்சாமியாரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். பெரிய வாரத்துத் திங்களன்று ஆளில்லாத கோயிலில் அவர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். தடி கூடாது, யார் கையையும் பிடிக்கக் கூடாது, ஆண்டவர் பாடுகளின் படம் மாட்டிய பதினான்கு ஸ்தலத்திலும் முழந்தாளிட்டு எழ வேண்டும். முடிந்தால் சிலுவை எனக்கு. முடியாவிட்டால் உபதேசியார் சொன்னபடி. நியாயம். ஒப்புக்கொண்டேன்.

வயது 66. முப்பது வருஷம் சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்தவன். ஜலகண்டாபுரத்துச் சோளக்காட்டிலிருந்து ஆத்தூர் வயல் வரை நடந்தே அளந்த கால் இது. பழக்கினால் பழகும்.

வீட்டில் ஞானம்மாளிடம் சொன்னேன். கரண்டியை வைத்த சத்தம்தான் பதில். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷம், கரண்டிப் பாஷை எனக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 8, செவ்வாய்

திட்டம்:

கா. - முக்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, 10 தடவை.
கிணற்றுச் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்கால் நிற்பு, ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடியும்வரை. பிறகு மறு கால்.
சுண்ணாம்புக் கோட்டின்மேல் குதிகால் விரலை ஒட்ட ஒட்ட நடை.
நண்டு நடை, சுவரோரம்.
மா. - கிணற்றைச் சுற்றி 10 சுற்று.

ஒரே சட்டம்: காலைப் பார்க்கக் கூடாது. சங்கிலி இழுக்கும்போது தூரத்துக் கொடியைப் பார்த்து நடந்தால்தான் கோடு நேராக வரும், குனிந்தால் கோணிவிடும். இங்கே கொடிக்குப் பதில் பக்கத்து வீட்டு மாமரத்துக் கிளை ஒன்று.

முதல் நாளே ஒரு சாட்சி. பக்கத்து வீட்டுக் கவுண்டர். நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர், என்னைவிட நாலு வயது மூப்பு. வண்டியிலிருந்து விழுந்து இடது முழங்கால் போய், வைத்தியத்துக்காக மகள் வீட்டில் தங்கியிருக்கிறார். மதிலுக்கு மேல் தலை தெரிந்தது.

“ஏனுங்க சர்வேயரே, கெணத்தடியில என்ன காணாமப் போச்சுங்க?”

நான் சர்வேயர் இல்லை, சங்கிலி பிடித்தவன் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. சாயங்காலம் தானும் வருவதாகச் சொன்னார்.

ஒற்றைக்கால்: வலது, பாதி மந்திரம். இடது, ‘எங்கள் பிதாவே’யோடு சரி.

மார்ச் 14, திங்கள்

தொடை வலி. எண்ணெய் தேய்த்தேன். கவுண்டர் தினம் வருகிறார். இரண்டு கிழவர்கள் கிணற்றைச் சுற்றுவதைப் பார்க்கத் தெருவில் கூட்டம் கூடி, அலுத்துப்போய்க் கலைந்தும் விட்டது.

முக்காலி 15. ஒற்றைக்கால் வலது முழு மந்திரம், இடது முக்கால். கோட்டு நடை இருபது அடியில் இரண்டு தடவை சறுக்கல்.

க. நடக்கும்போது ஓயாமல் பேசுகிறார். மருமகன், மாடு, வாய்க்கால் தண்ணீர். முதலில் எரிச்சலாக இருந்தது. பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டே நடக்கப் பழகினால் கோயிலில் பாட்டும் செபமும் கேட்கும்போது கால் தடுமாறாது என்று இன்று பட்டது. அவரிடம் சொல்லவில்லை, இன்னும் பேசுவார்.

சீயக்காய் வாங்க மறந்தேன்.

மார்ச் 23, புதன்

மாமரத்தில் வடு பிடித்துவிட்டது. ஞானம்மாள் இரண்டு படி கேட்டிருக்கிறாள்.

சிலுவை ஆள் உயரம், இரண்டு கையும் அதற்கே சரியாக இருக்கும். அதனால் இன்று முதல் கதவுக் கட்டையைத் தோளில் வைத்து நடை. முழந்தாளிட்டு எழுவதும் அப்படியே: வலது பாதம் முன்னால், உடம்பைச் சற்று முன்னுக்குச் சாய்த்து, மூச்சை விட்டு, எழு. மூச்சைப் பிடித்தால் தலை சுற்றுகிறது. இது நானே கண்டுபிடித்தது.

கதவுக் கட்டையைக் காணோம் என்று ஞானம்மாள் வீடெல்லாம் தேடினாள். கிணற்றடியில் என் தோளில் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நான் விழுந்த அன்று இவள்தான் தனியாக என்னைத் திண்டாடித் தூக்கி உட்கார வைத்தாள். அதிலிருந்து நான் கிணற்றடிப் பக்கம் போனாலே அவள் முகம் மாறிவிடுகிறது. தெரியாமல் இல்லை. ஆனால் அவள் பயத்துக்காக நான் கட்டிலோடு கிடக்க முடியாது.

தடி இல்லாமல் கடைவீதி வரை போய் வந்தேன். ஜட்கா ஒன்று உரசிக்கொண்டு போனது. அசையவில்லை. ரொம்ப சந்தோஷம்.

ஏப்ரல் 1, வெள்ளி

அவமானம்.

வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை. ஒரு ஒத்திகையாக இருக்கட்டும் என்று, கையில் ஒன்றுமில்லாமல் சிலுவைக்குப் பின்னால் நடந்தேன். முதல் ஏழு ஸ்தலம் பெண்கள் பக்கச் சுவரில், பீடத்திலிருந்து வாசலை நோக்கி. ஒரு குறையும் இல்லை. வாசலருகே திரும்பி ஆண்கள் பக்கம் போக வேண்டும். திரும்பினேன். தரை சாய்ந்தது. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த திருப்பத்திலும் அப்படியே.

உபதேசியார் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இன்னும் பத்தே நாள்.

ஏப்ரல் 2, சனி

தூக்கம் இல்லை. விடிந்ததும் சிலேட்டில் கோயில் படம் போட்டேன், பழைய பழக்கம். போட்ட மாத்திரத்தில் விளங்கிவிட்டது.

கோயிலில் வாசலருகே திரும்புவது இடது கைப்பக்கம். மறுபடி பீடத்தை நோக்கித் திரும்புவதும் இடது கைப்பக்கம். நானும் க.வும் நாலு வாரமாகக் கிணற்றை எப்படிச் சுற்றினோம்? வலமாக. யாரும் சொல்லவில்லை, யோசிக்கவும் இல்லை. இந்த ஊரில் எதைச் சுற்றினாலும் வலமாகத்தான் சுற்றுவார்கள், வேதக்காரனான எனக்கும் கால் அப்படியே போய்விட்டது. வலது பக்கம் திரும்ப மட்டும் படித்த கால். செக்குமாட்டுக்கு இருக்கிற விவரம்கூட எனக்கு இல்லை. ஆனால் குற்றம் தெரிந்தது பெரிய ஆறுதல். குற்றம் காலில் இல்லை, பாடத்தில்.

மா. - க.விடம் இன்று முதல் இடமாகச் சுற்றலாம் என்றேன். நின்றுவிட்டார்.

“இடமாச் சுத்தறது எழவு ஊட்லதானுங்க. மக ஊட்டுக்குப் பக்கத்துல நின்னு நான் அதச் செய்ய மாட்டனுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. எங்களுக்கு அப்படியெல்லாம் கிடையாது என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அவர் தன் பாட்டுக்கு மதில் பக்கம் போய்விட்டார். நான் மட்டும் தனியாக இடமாக ஆறு சுற்று. நாலு தடவை கிணற்றுச் சுவரைப் பிடித்தேன். அவர் பேச்சில்லாமல் கிணற்றடி வெறிச்சென்று இருந்தது.

ஏப்ரல் 4, திங்கள்

நேற்றும் க. வரவில்லை. போய்க் கூப்பிட ரோஷம் விடவில்லை.

இன்று மா. நான் ஆரம்பிக்கும் முன்பே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பெரிய வெள்ளிக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாள் என்றேன். அப்படியானால் பதினான்கு இடத்தில் நின்று போவது அவர் சாவுக்குப் போகிற வழியா என்றார். ஆமாம், கடைசி ஸ்தலம் கல்லறை என்றேன். கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எழவுதானுங்களே. எழவுன்னா இடமாத்தான் சுத்தோணும். எந்திரிங்க, நானும் வாரேன்.”

பத்துச் சுற்று, இருவரும் இடமாக. அவருக்கு இடது முழங்கால் பழுது, இடப்பக்கம் திரும்பும்போது என்னைவிட அவருக்குத்தான் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். மருமகன் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

சுவரைப் பிடித்தது இரண்டே தடவை.

ஏப்ரல் 8, வெள்ளி

இடமாக 20 சுற்று, வலமாக 10. எட்டுப் போட்டது போலவும் நடந்து பார்த்தாயிற்று. சுவரைத் தொடவில்லை. ஒற்றைக்கால் இடது முழு மந்திரம், ஆமென் உட்பட.

ஏப்ரல் 11, திங்கள்

பரீட்சை. காலை பத்து மணி. கோயிலில் சாமியார், உபதேசியார், நான். சாமியார் நடுவில் நின்று பார்த்தார், உபதேசியார் வாசலில்.

திருப்பத்தில் உபதேசியார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. திரும்பினேன், நின்றேன், நடந்தேன். பதினான்காவது ஸ்தலத்தில் எழுந்தபோது சாமியார் வாட்ச்சைப் பார்த்து, போன வருஷத்தைவிடச் சீக்கிரம் என்றார். உபதேசியார் கிட்ட வந்து கையைப் பிடித்து, தப்பா எடுத்துக்க வேணாம் என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் கொஞ்சம் மிடுக்காகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஞானம்மாள் கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள்.

ஏப்ரல் 14, பெரிய வியாழன்

புழுக்கம். காற்றே இல்லை.

நாளைக்கு ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். அறுபதுக்கு மேல் கடமை இல்லை என்று சாமியாரே சொன்னாலும் நான் விடுவதில்லை. இந்த விஷயத்தில் முதல் தடவையாக ஞானம்மாள் வாய் திறந்தாள். காலையில் ஒரு சொம்பு கஞ்சி குடிக்காவிட்டால் கோயில் சாவியை வாங்கிப் பூட்டிவிடுவேன் என்றாள். குடிப்பதாக ஒப்புக்கொண்டேன். நாளை எங்கே நின்று பார்ப்பாய் என்று கேட்டேன்.

“பாக்க மாட்டேங்க. பொம்பளைங்க பக்கம் கடைசியில கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். முடிஞ்சதும் யாராச்சும் சொல்லட்டும்.”

மனசுக்கு வருத்தமாக இருந்தது. அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகவும்தான் இத்தனையும்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

முடிந்தது. பதினான்கும். ஒருவர் கையும் படாமல்.

கோயில் கொள்ளாத கூட்டம். வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, க. நின்றிருந்தார். திருப்பம் இரண்டும் வெண்ணெயாக வந்தன. முன்னால் நடக்கிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் துணி சரசரக்கும் சத்தம் மட்டும், சாமியாரின் அங்கி. அது ஒரு துணையாக இருந்தது. அங்கங்கே குசுகுசுவென்று பேச்சு. என் நடையைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டேன், பெருமையாகவும் இருந்தது.

ஒன்பதாவது ஸ்தலத்தில் ஒரு நிமிஷம். வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. எழவில்லை. கோயில் முழுக்க நான் எழுவதற்குக் காத்திருந்தது. பயந்துவிட்டேன், இங்கே எழுதுவதற்கென்ன. பிறகு பாதம் முன்னால், மூச்சை விட்டு, எழுந்தேன்.

களைப்பு. கஞ்சி இல்லாவிட்டால் நடந்திருக்காது. அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, சனி

தொடை இரண்டும் கட்டைபோல். நடை வேண்டாம், இன்று ஓய்வு.

கா. - க. வந்தார். நேற்றைய நடையைப் புகழ்வார் என்று மோர் கொடுத்து உட்கார வைத்தேன். அவர் புகழ்ந்தது என்னை அல்ல. நான் சிலுவையோடு முதல் ஸ்தலத்துக்குப் புறப்பட்டதும் ஞானம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, எனக்கும் சாமியாருக்கும் நடுவில் நுழைந்துகொண்டாளாம். உபதேசியார் கையைக் காட்டித் தடுக்கப் பார்த்தாராம். சாமியார் விடச் சொல்லிவிட்டாராம். ஆண்கள் பக்கத்துக்கும் என் பின்னாலேயே வந்தாளாம், இரண்டு கையையும் என் முதுகுக்கு நேராக நீட்டியபடி. குசுகுசுப்பு அதற்குத்தான். பின்னால் சரசரத்ததும் அங்கி அல்ல, அவள் சேலை.

“கன்னுக்குட்டி மொத மொத எந்திரிக்கறப்ப நாம தொடாமப் பக்கத்துல நிப்பமல்லங்க, அப்படி நின்னாங்க. நீங்க மண்டி போட்டா அவங்களும் போட்டாங்க. நீங்க எந்திரிச்சா அவங்களும் எந்திரிச்சாங்க.”

அவர் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு அறுபத்தொன்று. முக்காலி இல்லை, கோடு இல்லை, சுற்று இல்லை. அவளுக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை.

சமையலறைக்குப் போனேன். நாளைப் பண்டிகைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஊரே பார்க்க எதற்கு அப்படி வந்தாய் என்று கேட்டேன்.

“தொட்டனா?”

இல்லை என்றேன். அரிசியில் கல் பொறுக்கினாள். கை ஊன்றாமல் பதினான்கு தடவை எப்படி எழுந்தாய் என்று கேட்டேன். தலை நிமிரவில்லை.

“எந்திரிச்சுத்தானங்க ஆகோணும். நீங்க முன்னால போயிட்டிருந்தீங்களே.”