'தூங்கேன்' என்றால் என்ன அர்த்தம்?

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தில் இன்று ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம். 'தவலை நீரிலும் நிலத்திலும் வாழும்' என்று அச்சுக் கோத்திருந்தார்கள். தண்ணீர் பிடிக்கிற தவலை எங்கே போய் வாழும்? சிரித்துக்கொண்டே தவளையாக்கினேன். பிழை திருத்துகிறவளுக்கு இதுதான் சந்தோஷம்.

மதியம் பாட்டுக் கம்பெனியிலிருந்து ஃபோன். என் நம்பரை அவர்கள் எப்போதோ தொலைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு சின்னப் பெண் பேசினாள். "மேடம், உங்க 'தூங்கேன்' பாட்டு நெட்ல பிச்சிக்கிட்டுப் போகுது. ஒரே மாசத்துல நாலு லட்சம் தடவை கேட்டிருக்காங்க. நேர்ல வாங்க, கிராஃப் காட்டறேன்."

நாலு லட்சம்! பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானே எழுதி நானே பாடியது. அன்றைக்கு விற்ற குறுந்தகடு முந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் நாற்பது என் அண்ணன் வாங்கியது.

இவரிடம் சொன்னேன். "அப்படியா? அதுல டிரம்ஸ் யாரு?" என்றார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. இவர்தான். நான் இரண்டு நிமிடம் தனியாகப் பாடி முடித்ததும் நாற்பத்தேழு வினாடி இவருடைய டிரம்ஸ் மட்டும் வரும், பிறகு நான் சேர்ந்துகொள்வேன். இவர் வாசித்துப் பதிவான ஒரே பாட்டு அது. அப்புறம் டிரம்ஸை விற்றுவிட்டு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். இன்று சாப்பிடும்போது தட்டை ஒரு தட்டு, டம்ளரை ஒரு தட்டு. சாம்பார் என் மேல் தெறித்தது. பரவாயில்லை.

மார்ச் 5, புதன்

அச்சக முதலாளியிடமும் சொன்னேன். "நாலு லட்சமா? சரி, அந்த ஆறாம் பாடம் முடிஞ்சுதா?" கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

மார்ச் 7, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுக் கம்பெனிக்குப் போனேன். முன்பு சுவர் முழுக்கப் பாடகர்கள் படம் இருக்கும். இப்போது சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கக் கோடு. அந்தப் பெண்ணுக்கு 'கிராஃப்' என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

கிராஃப் பாடம் எடுத்தாள். முப்பது வினாடி தாண்டிக் கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாக எண்ணிக்கையாம். ஆனால் ஜனங்கள் ஏழாவது வினாடியிலேயே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்களாம். அதனால் இப்போது எல்லோரும் வாயைத் திறக்கும்போதே பல்லவியின் உச்சியில் திறக்கிறார்கள். நினைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஒருவர் குறுந்தகடு வாங்கிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. வீட்டில் கேட்டாலும் சரி, சூடான டம்ளருக்கு அடியில் வைத்தாலும் சரி. இப்போது ஒவ்வொரு வினாடியும் வாசலில் நின்று போகாதே போகாதே என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

"ஆனா உங்க பாட்டு அதிசயம் மேடம். யாரும் பாதியில போகல. ஒரே ஆள் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை கேக்கறாங்க. முக்கால்வாசி பெண்கள்."

"அடக்கி வெச்ச கோபம்மா அது. பன்னிரண்டு வருஷம் கழிச்சு வெடிக்குது" என்றேன். கிராஃப் அதைக் குறித்துக்கொண்டாள்.

மார்ச் 8, சனி

ஐயோ.

பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

'குழந்தை தூங்க ஐம்பது பாடல்கள்' என்று ஒரு பட்டியல். அதில் மூன்றாவது நான். நான்! நியாயம் கிடைக்கும்வரை தூங்கமாட்டேன், கதவை உடைப்பேன் என்று பாடிய நான்!

தூங்கேன். தன்மை ஒருமை எதிர்மறை. செய்யேன், அஞ்சேன், தூங்கேன். அழகான பழைய தமிழ் என்று தேடிப் பிடித்து வைத்த தலைப்பு. இந்தப் புண்ணியவதிகள் அதை 'கொஞ்சம் தூங்கேன்டா செல்லம்' என்று படித்திருக்கிறார்கள்! வாயேன், சொல்லேன், தூங்கேன். முதல் இரண்டு நிமிடம் வேறு நான் 'தூங்கேன்... தூங்கேன்...' என்று கீழ்ஸ்தாயியில் இழுக்கிறேன். அவர்கள் மேல் என்ன தப்பு? ஊரார் எழுத்தில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், பன்னிரண்டு வருடமாக என் தலைப்பை நானே ஒழுங்காகப் படிக்கவில்லை.

பதினோரு தடவைக்கும் காரணம் தெரிந்துவிட்டது. 'ரெண்டாவது நிமிஷம் வரைக்கும் தெய்வீகம். அப்புறம் எவனோ தகரத்தைப் போட்டு அடிக்கிறான். பாப்பா முழிச்சிடறா. மறுபடி முதல்லேர்ந்து போடறேன்.' இன்னொருத்தி: 'தாலாட்டுல எதுக்கு அக்கா கதவை உடைக்கறீங்க?'

எவனோவாம். தகரமாம்.

மார்ச் 12, புதன்

கிராஃப் மறுபடி கூப்பிட்டாள். புகார் நிறைய வருவதால் பட்டியலிலிருந்து பாட்டை எடுத்துவிடுவார்களாம். எடுத்தால் பழையபடி முந்நூற்றுப் பன்னிரண்டுதான். "டிரம்ஸ் வர்ற இடத்துல வெட்டிடலாம் மேடம். முதல் ரெண்டு நிமிஷம் மட்டும் போதும். வர்ற வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளிக்குள்ள சொல்லுங்க."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யோசிக்கறேன்" என்று வந்தது.

இவருக்கு இன்னும் தெரியாது. கார் ஓட்டக் கற்க வருகிறவர்களை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அந்த நாற்பத்தேழு வினாடியைப் போட்டுக் காட்டுகிறாராம். அவர்களுக்கு ஓரம் கட்டுவது மட்டும் நன்றாக வந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

சொல்லவில்லை. தைரியம் இல்லை. கதவை உடைப்பேன் என்று பாடிய வாய் இது.

மார்ச் 17, திங்கள்

தெரிந்துவிட்டது. மாணவி ஒருத்தி இவரிடம் அதையெல்லாம் காட்டியிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. அவள் வீட்டிலும் இதே பாட்டுதானாம்.

வந்ததும், "தகரமாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கம்பெனி கேட்டதைச் சொன்னேன்.

"வெட்டிடு."

"என்னங்க நீங்க—"

"பத்து மாசக் குழந்தையோட எனக்கு என்ன போட்டி? அது தூங்கட்டும். வெட்டிடு."

எழுந்து போய்க் காரைக் கழுவினார். ஒரு மணி நேரம். அது எங்கள் கார்கூட இல்லை, பயிற்சிப் பள்ளிக் கார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மனுஷன் வாழ்க்கைல பதிவானதே நாப்பத்தேழு வினாடி. அதையும் நானே வெட்டணுமா? எந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரலேன்னா எனக்கென்ன?

மார்ச் 21, வெள்ளி

கம்பெனிக்குப் போனேன். வெட்டலாம், ஆனால் வெட்டிய துண்டைக் குப்பையில் போடக் கூடாது, தனிப் பாட்டாக இவர் பெயரில் ஏற்ற வேண்டும் என்றேன். வெட்டிய நகத்தை யாராவது பெட்டியில் வைப்பார்களா என்பது போல கிராஃப் பார்த்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். "நாப்பத்தேழு. முப்பதுக்கு மேல இருக்கு. போடலாம் மேடம். தலைப்பு?"

"எழுந்திரேன்."

இந்தத் தடவை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் வைத்தேன். எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். இவரிடம் சொல்லவில்லை. நாலு பேர்கூடக் கேட்காவிட்டால் இன்னொரு தடவை கார் கழுவப் போய்விடுவார்.

ஏப்ரல் 9, புதன்

கிராஃப் அழாத குறை. "மேடம், எண்ணிக்கை படுத்துடுச்சு. குழந்தைங்க எல்லாம் முதல் தடவையே தூங்கிடுதுங்க! யாருமே ரெண்டாவது தடவை போடறதில்ல!"

அதாவது, இத்தனை நாளும் ஒன்றைப் பதினொன்றாக்கியது இவருடைய தகரம். வயிறு குலுங்கச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

ஏப்ரல் 10, வியாழன்

'டிரம்ஸை மறுபடி ஒட்டிடலாமா மேடம்?' என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். பாவம் குழந்தைகள். முடியாது என்று பதில் போட்டேன். இந்தத் தடவை சரியாக வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் 'எழுந்திரேன்' பாட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காலையில் பிள்ளையின் காதருகே வைத்துப் போடுகிறார்களாம். 'மூணு அலாரத்துக்கு அசையாதவன் முதல் அடிக்கே எழுந்து பல் தேய்க்கப் போயிட்டான். அடிச்ச அண்ணன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்.' ஐந்து தடவை போட்டால்தான் சில பிள்ளைகள் எழுந்திருக்குமாம். எண்ணிக்கை எகிறுகிறது.

இவரிடம் காட்டினேன். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். திரை வேறு எங்கோ ஓடிவிட்டது. "எங்க போச்சு, எங்க போச்சு?" என்று பதறினார். திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன். "நீ போட்டியா?" என்றார். தோசையை அப்படியே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 30, புதன்

எண்ணிக்கையில் என்னை இரண்டு மடங்கு தாண்டிவிட்டார். பொறாமையா? ஆமாம். எழுதி வைக்கிறேன், ஆமாம்.

மே 6, செவ்வாய்

கிராஃப் ஃபோன். "மேடம், சார் இருக்காரா?"

சார்!

இவரிடம் புதிதாக டிரம்ஸ் கேட்கிறார்கள். முதல் வினாடியிலிருந்தே அடிக்க வேண்டும், ஏழாவது வினாடியில் யாரும் ஓடிவிடக் கூடாது. இவர் டிரம்ஸ் கடைக்குப் போய்க் குச்சி மட்டும் வாங்கி வந்தார். அடித்துப் பழகியதில் தலையணை பஞ்சு பஞ்சாகப் போயிற்று.

மே 19, திங்கள்

இவர் கம்பெனிக்குப் போன ஒரு மணி நேரத்தில் கிராஃப் என்னைக் கூப்பிட்டாள். "மேடம், சார் அடம் பிடிக்கறாரு. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

"என்னவாம்?"

"'அவ முதல்ல பாடணும். பாடி முடிச்சாத்தான் எனக்குக் கை வரும். வெட்டணும்னா வேற ஆளைப் பாருங்க'ன்னு எழுந்து நின்னுட்டாரு. ரெண்டு நிமிஷம் டிரம்ஸ் இல்லேன்னா யாரும் இருக்கமாட்டாங்க மேடம். எங்க முதலாளி வேற சரின்னுட்டாரு."

எடுத்துச் சொல்கிறேன் என்றேன். ஃபோனை வைத்துவிட்டு அச்சகத்தின் காகித அறைக்குள் போய் அழுதேன். வீட்டுக்கு வந்ததும், என்னைக் கேட்காமல் நான் பாடுவேன் என்று எப்படி ஒப்புக்கொள்ளலாம் என்று சண்டை போட்டேன். நியாயமான சண்டைதான். தொண்டை வேறு கட்டியிருக்கிறது.

மே 22, வியாழன்

ஒலிப்பதிவு. புதுப் பாட்டு. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி நான் தனியாகப் பாடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிராஃப் ஏழாவது வினாடியில் கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பதாவது வினாடியில் மறுபடி பார்த்தாள். இவர் குச்சி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி காத்திருந்தார்.