ராணிக்குத் தெரிந்த சொற்கள்

அக்டோபர் 11, ஞாயிறு

மழை ஓய்ந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பூசை முடிந்து வந்ததும் பெட்டி அடுக்கும் வேலை. பர்மாவை விட்டுப் போகிறவர்கள் கப்பலில் கொஞ்சம்தான் கொண்டுபோகலாமாம். எடுத்துப்போவது: சேலைகள், மாதா படம், அரிவாள்மணை. விட்டுப்போவது: தையல் மெஷின், கட்டில், ராணி.

கடைசிப் பெயரை எழுதும்போது கை நின்றது. கப்பலில் நாய்க்கு இடமில்லை. மரக்கம்பெனித் துரை ஊர் போகிறபோது இவரிடம் கொடுத்துவிட்டுப் போன வேட்டை நாயின் குட்டி. கம்பெனி சர்க்கார் கைக்குப் போயிற்று, இவர் வேலையும் போயிற்று, அது மட்டும் மிச்சம். பிள்ளை இல்லாத வீட்டில் எல்லாச் செல்லமும் அதற்குத்தான். எனக்குக்கூட அவ்வளவு இல்லை.

அக்டோபர் 13, செவ்வாய்

ஒரே புழுக்கம். மாவ்பி கிராமத்திலிருந்து கோ மியா வந்தார். எங்கள் பபேடான் வட்டாரம் முழுக்க வீடுவீடாகக் காய்கறி போட்டவர். அரைகுறைத் தமிழ் உண்டு. ராணியை இனி அவர்தான் வளர்க்கப்போகிறார். நல்ல மனுஷர். இவரை 'சயா' என்பார், மரியாதையாக. என்னை 'அமா' என்பார். பர்மா பாஷையில் அக்கா என்று அர்த்தம். என் காதில் எப்போதும் அம்மா என்றே விழும்.

அவர் சோளக்கொல்லையில் கரடி இறங்குகிறதாம். மைத்துனர் தோளைக் கிழித்துவிட்டதாம்.

"கொல்ல மாட்டேன் அமா. எங்க புத்தர் நோன்பு மாசம், பாவம். நாய் தொரத்தினா போதும். காட்டுக்குப் போயிடும்."

ராணிக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. முற்றத்தில் பாடம் நடந்தது. நில், தேடு, பிடி, விடு. முதல் மூன்றும் கோ மியாவுக்குச் சுலபமாக வந்தன. கடைசியில்தான் வம்பு. பர்மாக்காரர் வாயில் 'வி' நுழையாதே. "பிடு" என்றார். மறுபடியும் "பிடு". வாயிலிருந்த பழந்துணியை ராணி விடவே இல்லை. இன்னும் அழுத்திக் கவ்விக்கொண்டு, சரிதானே என்று இவர் முகத்தைப் பார்த்தது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். கோ மியாவும் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"அவர் வாய்க்கு வர்ற வார்த்தையா ஒண்ணு பழக்குங்களேன்" என்றேன்.

"குட்டியிலேர்ந்து கேட்ட வார்த்தை. ரெண்டு நாள்ல மாறுமா? சொல்லச் சொல்ல அவருக்கு வந்துடும்."

அக்டோபர் 14, புதன்

காலை பஸ்ஸில் அனுப்பியாயிற்று. ராணி ஏற மறுத்தது. இவரே தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கினார். "வெயில்ல ஓட்டாதீங்க கோ மியா. தண்ணி காட்டிக்கிட்டே இருங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், பஸ் நகர்ந்த பிறகும்.

மத்தியானம் மீன் குழம்பு. இவர் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் தலையை மட்டும் ஓரமாக எடுத்துவைத்தார், பழக்கதோஷம். நான் எடுத்துப்போய்க் காக்கைக்குப் போட்டேன்.

அக்டோபர் 17, சனி

வெயில் குறைவதாக இல்லை. பயணக் காகிதத்தில் முத்திரை விழவில்லை. இவர் பகல் முழுக்க ஆபீஸ் வரிசையில். சட்டை முதுகில் உப்புப் பூத்துவிட்டது. தயிர் புளித்துவிட்டது. பக்கத்து வீட்டு டோ சீன் இந்த ஊர் விளக்குத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொண்டுவந்து தந்தார். "ஏத்திட்டுப் போங்க, வழி நல்லா இருக்கும்." மாவ்பியிலிருந்து சேதி இல்லை.

அக்டோபர் 19, திங்கள்

மத்தியானம் கோ மியா. கையில் ராணியின் கழுத்துப்பட்டை. நாய் இல்லை.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், செம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். கரடி நேற்றுப் பட்டப்பகலில் கொல்லைக்குள் வந்துவிட்டதாம். வெயில் தாழும்வரை காத்திருக்க முடியவில்லை. ஊர் நாய்கள் கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டு ஓடி, சூடு தாங்காமல் குட்டையில் போய்ப் படுத்துவிட்டன. ராணி ஒன்றுதான் கடைசிவரை போனது. மூங்கில் புதரோரம் கரடியின் பின்னங்காலைக் கவ்விவிட்டது. கரடி காட்டுக்குள் ஓடத்தான் பார்த்ததாம். விட்டிருந்தால் போயிருக்கும்.

"நான் கத்தினேன் சயா. பிடு, பிடுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த இன்னும் இறுக்கிக் கவ்வுது. கரடி திரும்பிச்சு. ஒரே அடி. ஏன் சயா விடல? நான் சொன்னா அது கேக்காதா?"

விடல என்பதையும் 'பிடல' என்றுதான் சொன்னார்.

இவர் என்னைப் பார்த்தார். கேட்காமலா இருந்தது? அவர் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறது. பிடி என்று காதில் விழுந்தது, பிடித்தது. முற்றத்தில் நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து, அங்கே நிற்கவே முடியவில்லை.

இவர் மெதுவாகச் சொன்னார்: "உங்க மேல ஒண்ணும் இல்ல கோ மியா. வெயில்தான். சூடு தலைக்கு ஏறிட்டா வேட்டை நாய்க்குக் காது அடைச்சுக்கும். நான் கத்தியிருந்தாலும் விட்டிருக்காது."

அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. கோ மியா நம்பினார். அதன் பிறகுதான் தண்ணீரைக் குடித்தார். குடித்துக்கொண்டே அழுதார். கொல்லை மரத்தடியில் புதைத்திருக்கிறாராம். மண் கொதிக்கிறதே என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாராம்.

அக்டோபர் 20, செவ்வாய்

முத்திரை விழுந்துவிட்டது. வியாழக்கிழமை கப்பல்.

சாயங்காலம் தெரு முழுக்க விளக்கு. டோ சீன் தந்த மெழுகுவத்தியை வாசலில் ஏற்றினேன். ஒன்றை மாவ்பி இருக்கும் பக்கமாகத் தனியே வைத்தேன்.

இவர் முற்றத்தில், கழுத்துப்பட்டையோடு. பெட்டியில் வைக்கிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. பட்டையை இழுத்துப் பார்த்தேன், இறுக்கிப் பிடித்திருந்தார். "விடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். கம்பெனி போனபோது இவருக்குச் சொன்ன ஆறுதல் அதுதான். இந்த ஊரே போகிறது என்று ஆனபோதும் அதைத்தான் சொன்னேன். விடுங்க, விடுங்க.

இன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.