கண்ணாடிகொண்ட பெருங்கோவின் பேரனுக்குக் கருங்கண்ணாடி தெரிந்தெடுத்த வரலாறு

வெயில் வாழ்க. வெயிலுக்கு அஞ்சாத கதிர்க்குடி வாழ்க. அஞ்சிய பொழுதும் அதை வெளிக்காட்டாத வெய்யனாட்டுக் கொற்றக்குடை நீடு நிழல் தருக.

மிளகனாட்டு அரசவையில் நம் வெய்யனாட்டின் தூதராய் வீற்றிருப்பவரும், சொல் தவறாச் செம்மலும், ஓயாது மழை பெய்யும் நாட்டிலும் பிறந்த மண்ணின் புழுக்கத்தை மறவாத மாண்பினருமாகிய வேளான் அரிட்டனார் திருமுன்பு, ஆடித்துறைப் பட்டினத்திலிருந்து கண்ணணி நாயகம் புளியஞ்சேரிச் சேந்தன் விடுக்கும் ஓலை. தாங்கள் உறையும் நாட்டில் கொடி படர்க, மிளகு காய்க்க, யானைகள் தத்தம் பாகரை அடையாளம் மறவாதிருக்க. ஈண்டு நலம். அவ்வாறு எழுதுவது வழக்கம் ஆகலின் எழுதப்பட்டது.

தாங்கள் விடுத்த ஓலை கிடைத்தது. அரசமாதேவியார்க்கு மிளகனாட்டிலிருந்தும் பழைய பாணியில் நல்ல கருங்கண்ணாடி ஒன்று தேடி அனுப்புமாறு தங்களுக்கு ஆணை வந்துள்ளது என்றும், எது நல்லது, எது போலி என்று தெரியாமல் கடைத்தெருவில் தலை சுற்றுகிறது என்றும், இதில் சேந்தனை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் சொல்வதால் அவனிடமே கேட்பதாகவும் எழுதியிருந்தீர். எல்லோரும் சொல்வது உண்மையே. அந்த உண்மைதான் அவனைக் கெடுத்தது. எப்படி என்பதைச் சொல்லவே இவ்வோலை.

பதவி உயர்வு பெற்றவன் ஓராண்டு வரை ஓலையில் தன்னை 'நான்' என்று எழுதலாகாது, எழுதினால் செருக்கு ஏறும் என்பது நம் மரபு. ஆகவே இதில் சேந்தன் சேந்தன் என்றே வருவான். செருக்குக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதைத் தாங்களே காண்பீர்.

வெயிலமர் நாளைத் தாங்கள் அறிவீர். ஆயினும் ஓலை வழியில் பிறர் கைக்கும் போகுமாதலால் எழுதப்படுகிறது. கத்திரி உச்சத்தில் ஒரு நாள், நம் மன்னர் குடையின்றி மணற்களத்துக் கல்லிருக்கையில் மேற்கு நோக்கி அமர்வார். உச்சி சாய்ந்தது முதல் பொழுது விழும் வரை குடிகள் ஒருவர் பின் ஒருவராய் வந்து குறை சொல்வர். மன்னர் தலை அசைந்தால் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, அசையாவிட்டால் மறுக்கப்பட்டது. ஆனால் மன்னர் கண் மூடிவிட்டால், மூடிய கண்ணின்முன் முறையீடு இல்லை என்னும் சட்டப்படி அக்கணமே முரசு அறையப்படும். வரிசையில் மிஞ்சியவர் அடுத்த கோடைக்கு வரவேண்டும்.

இப்போதைய மன்னர் கோடைவென்ற கோமானின் பாட்டனார், வட்டக் கருங்கண்ணாடியைப் பித்தளைக் கம்பியில் கோத்து அணிந்து, பொழுது சாயும் வரை கேட்டுக்கொண்டே இருப்பாராம். அதனால்தான் அவர் கண்ணாடிகொண்ட பெருங்கோ ஆனார். கோயில் வாயிலில் அவர் சிலைக்கும் கல்லிலே கண்ணாடி உண்டு. அந்தக் கண்ணாடி, பேரனார் முடிசூடிய அன்று அரியணைமேல் வைக்கப்பட்டிருந்தது. அமரும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அமரும் வழக்கம் நம் மன்னர்க்கு இல்லை.

அன்றுமுதல் வெயிலமர் நாள், வரிசையில் முதலாய் வரும் ஆட்டுப் பட்டி வழக்கைத் தாண்டியதில்லை. மன்னர்க்குக் கண் கரிக்கும், நீர் வடியும், இமை விழும், முரசு முழங்கும்.

அந்த வரிசையில் ஆண்டுதோறும் நின்றவள் சேந்தனின் மனைவி குறிஞ்சாள். தூதன் அயல்நாட்டில் இருக்க, அவன் குடும்பம் பிணையாய்த் தாய்நாட்டில் இருக்கவேண்டும். இல்லையேல் எந்தத் தூதனும் திரும்பி வரமாட்டான் என்று முன்னோர் அறிந்திருந்தனர். மன்னர் தலையசைப்பின்றித் தூதன் பணி விட்டு வரவும் முடியாது. ஆகவே தன் கணவனைத் திருப்பித் தருமாறு ஓர் ஓலையை வைத்துக்கொண்டு அவள் கோடைதோறும் நின்றாள். கோடைதோறும் முரசு அவளை முந்திக்கொண்டது. மணமான மூன்றாம் திங்களில் ஆடித்துறைக்குத் தூதனாய்க் கப்பலேறியவன் சேந்தன். இப்போது அவன் காதோரம் நரைத்துவிட்டது.

இந்நிலையில்தான், பாட்டனார் அணிந்ததைப் போன்ற கண்ணாடி ஒன்றைத் தெரிந்தெடுத்து, தானே கொண்டுவந்து சேர்க்குமாறு ஆணை வந்தது. அரிட்டனாரே, அந்த ஆணையைச் சேந்தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கண்ணாடி நன்றாய் அமைந்தால் மன்னர் கண் மூடார். மூடாவிட்டால் முரசு முழங்காது. முழங்காவிட்டால் குறிஞ்சாளின் முறை வரும். எந்த மன்னன் கண்ணுக்காகவும் எவனும் இவ்வளவு அக்கறைப்பட்டிருக்கமாட்டான்.

ஆடித்துறையார் இதைக் கூலிங் கிளாஸ் என்பர். அது எந்த மொழி என்று கேட்டால் அவர்க்கும் தெரியவில்லை. முதலில் சென்றது மாசிலான் கடை, கண்ணாடிக் கடைத்தெருவிலேயே பெரியது.

"வாங்கய்யா வாங்க! ராஜா மாடல்தானே? இந்தா. உங்க ராஜாவோட தாத்தா இதைத்தான் போட்டிருந்தாரு" என்றான் அவன்.

அது உடைந்துவிட்டதே என்று சேந்தன் எடுத்துரைத்தான்.

"அது வீட்டுக்குப் போடறது. இது வெளிய போடறது."

உண்மையிலேயே பழையதுதானா என்று கேட்டதற்கு, "பழசுன்னா பழசு, அப்படியொரு பழசு! செஞ்சு முடிச்சு ஒரு வாரம் புகையில கட்டித் தொங்கவிட்டிருக்கோம்ல" என்றான். கம்பியிலிருந்த பச்சைக் களிம்பு விரலில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தால் அகத்திக்கீரை.

"போட்டுப் பாருங்கய்யா. சூரியனே தெரியாது."

சேந்தன் போட்டுப் பார்த்தான். சூரியன் தெரியவில்லை. மாசிலானும் தெரியவில்லை. கழற்றுவதற்குள் ஓர் எருமையை அண்டை நாட்டுத் தூதர் என்று எண்ணி வணங்கியும்விட்டான்.

அடுத்தது கோதையக்காள் கடை. அவள் வாடிக்கையாளரை வரவேற்கும் முறை வேறு. "எடுத்தா எடு. இல்லன்னா வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லு" என்பதே வரவேற்பு. இன்னும் கருமையானது உண்டா என்று சேந்தன் கேட்டான்.

"கருப்பா இருந்தா நல்லதுன்னு எவன் சொன்னான்? அடுப்புச் சட்டிகூடத்தான் கருப்பு. மூஞ்சில கவுத்துக்கிறியா?"

இந்த ஏச்சு சேந்தனை உறங்கவிடவில்லை. நம் தூதர் அணியும் உத்தரீயம் மஞ்சள் தோய்த்தது; வெயிலில் உலர்த்தினால் வெளுத்துப்போகும் என்பதை நம் நாட்டுக் குழந்தையும் அறியும். சேந்தன் தன் உத்தரீயத்தைக் கோதையக்காள் கடை மேல்மாடத்து வெயிலில் விரித்து, தெருவில் இருந்த கண்ணாடி வகைகளை எல்லாம் அதன்மேல் வரிசையாய் வைத்து, மாலை வரை காவல் இருந்தான். எடுத்துப் பார்த்தால், மாசிலானின் சட்டிக்கருப்பின் அடியில் துணி வெளுத்துக் கிடந்தது. கோதையக்காள் கடையில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒன்று இருந்ததே, அதன் அடியில் மட்டும் இரண்டு முழுநிலவாய் மஞ்சள் அப்படியே நின்றது. கருமை வேறு, காப்பு வேறு என்று அன்று விளங்கிற்று. வெறுங்கருப்பின் பின்னால் கண்மணி, இருட்டில் திறந்த கதவுபோல் அகலத் திறந்துகொள்கிறது. சுடுகதிர் அதற்குள் விருந்தாளிபோல் நுழைகிறது.

அத்துடன் அவன் விடவில்லை. கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, துறையில் நின்ற கப்பலின் பாய்மரத்தை அதனூடே பார்த்து, மெல்ல அசைத்தான். போலியில் மரம் பாம்பாய் நெளிந்தது. இதில் மரம் மரமாகவே நின்றது. இரு வில்லையும் ஒரே நிறமா என்று வெண்துணிமேல் வைத்துப் பார்த்தான். கண்ணாடியின் கைகளை விரித்துப் பலகையில் வைத்தான்; ஆடாமல் நின்றது. கீல் இறுகியும் இல்லை, தளர்ந்தும் இல்லை. அணிந்து குனிந்தான், நிமிர்ந்தான், பொய்யாய்த் தும்மினான். மூக்கைவிட்டு நழுவவில்லை, இமைமயிர் தட்டவில்லை. வட்டம் பாட்டனார் சிலையின் வட்டத்துக்கு இம்மியும் பிசகவில்லை.

"கண்ணாடி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றாள் கோதையக்காள். "அதையும் ஒரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டுடு."

எல்லாவற்றையும் சோதித்தான், அரிட்டனாரே. உள்ளிருந்து வெளியே பார்ப்பதற்கு எப்படி என்றுதான் எல்லாச் சோதனையும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு உள்ளே கண் தெரியுமா என்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை.

வெயிலமர் நாள் வந்தது. கண்ணாடி துடைக்கும் பட்டுத்துணியுடன் சேந்தன் மன்னரின் வலப்புறம் நிறுத்தப்பட்டான். அவன் வாய் திறத்தல் ஆகாது. வரிசையின் கடைக்கோடியில் குறிஞ்சாள் ஒரு புள்ளியாய்த் தெரிந்தாள். மன்னர் அணிந்தார், சூரியனை அண்ணாந்து பார்த்தார்.

"அடடே, வெயில் எங்கப்பா போச்சு?" என்றார். களமே ஆர்ப்பரித்தது.

ஆட்டுப் பட்டி வழக்குத் தாண்டியது. கிணற்று வழக்குத் தாண்டியது. கண் கரிக்கவில்லை, நீர் வடியவில்லை. மன்னர் அன்று பகலுணவில் பாயசத்தை இருமுறை கேட்டு வாங்கியிருந்தார். கண்ணுக்கு இதமான நிழல், காதுக்கு இதமான முணுமுணுப்பு. எண்ணெய்ச் செக்கார் தம் தெருவுக்கு வாய்க்கால் கேட்டுக்கொண்டிருக்கையில், கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே இருந்த சிறு இடைவெளி வழியே சேந்தன் கண்டான். மன்னர் உறங்கிக்கொண்டிருந்தார்.

முன்னால் நின்ற எவருக்கும் தெரியவில்லை. மன்னர் தலை தூங்கி விழுந்தது. "தலை அசைந்தது!" என்று கட்டியக்காரன் கூவினான். செக்கார்க்கு வாய்க்கால் கிடைத்தது. ஒருவன் ஈராண்டு வரி நீக்கம் கேட்டான். தலை இருமுறை விழுந்தது. ஓலைநாயகம் நான்காண்டு என்று எழுதினார். ஒருவன் அடுத்த வீட்டு மாமரத்தைக் கேட்டுப் பெற்றான். அவன் பின்னால் நின்ற அடுத்த வீட்டுக்காரன் அதைத் திருப்பிக் கேட்டான், அதுவும் கிடைத்தது.

"தாத்தாவே திரும்பி வந்துட்டாருடா!" என்று களத்தில் கிழவர்கள் அழுதனர். பாட்டனார் எப்படிப் பொழுது சாயும் வரை கேட்டிருந்தார் என்பது சேந்தனுக்கும் அப்போதுதான் விளங்கிற்று.

கடமை என்பது முரசறைவோனுக்குச் சைகை காட்டுவது. காட்டினால் முரசு, முரசென்றால் குறிஞ்சாளுக்கு இன்னொரு கோடை. சேந்தன் காட்டவில்லை. வரிசை நகர்ந்தது. அவளுக்கு முன்னால் ஐவர், மூவர், ஒருவர். எல்லோர்க்கும் தலை விழுந்தது.

அவள் வந்து நின்றாள். சேந்தனை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது என்று இருவர்க்கும் தெரியும். பலமுறை மடித்துப் பிரித்த ஓலையை அவள் பிரிக்கவுமில்லை.

"மகாராசா, என் வீட்டுக்காரர எங்கிட்டத் திருப்பிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

மன்னர் தலை அசையவில்லை. மோவாய் மார்பில் நன்றாய் ஊன்றி நின்றுவிட்டது. கட்டியக்காரன் காத்திருந்தான். ஓலைநாயகம் எழுத்தாணியை எடுத்தார். மறுப்பு என்பதன் முதல் எழுத்து விழப்போவதைச் சேந்தன் கண்ணால் கண்டான்.

சேந்தன் இருமினான்.

சிறிய இருமல்தான். மன்னர் திடுக்கிட்டு நிமிர்ந்தார், வாயோரம் துடைத்துக்கொண்டார், முகம் தெளிந்திருந்தது. அன்று உச்சி சாய்ந்ததிலிருந்து அவர் இவ்வளவு அக்கறையாய் எவரையும் கேட்டதில்லை.

"சொல்லும்மா. யாரு உன் வீட்டுக்காரரு?"

"இந்தா நிக்கிறாரே. உங்க கண்ணாடியப் பாத்து எடுத்தவரு."

"இவனா!" மன்னர் மகிழ்ந்து சேந்தனின் தோளைத் தட்டினார். "இப்படி ஒரு கண்ணாடி எடுக்கத் தெரிஞ்சவனை வீட்டுல உக்கார வெச்சா நாடு தாங்குமாம்மா? ராணிக்கு ஒண்ணு வேணும். மந்திரிகளுக்கு வேணும். இவன் அங்கதான் இருக்கணும்."

அங்கேயே, அப்போதே, ஆயுள் முழுமைக்கும் ஆடித்துறையில் இருந்து அரசின் கண்ணாடிகளைத் தெரிந்தெடுக்கவேண்டிய கண்ணணி நாயகம் என்னும் பட்டம் அவனுக்குச் சூட்டப்பட்டது. களம் ஆர்ப்பரித்தது. அன்று மன்னர் உறங்கியபின் நடந்த வழக்குகளில், விழித்திருந்து கேட்டதும் மறுத்ததும் இது ஒன்றே.

கப்பலேறும் முன் ஒரு நாழிகை தந்தனர். குறிஞ்சாள் துறையில் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

"அவரு தூங்கினது எனக்கும் தெரியும். மாமரத்த ரெண்டு பேருக்கும் குடுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள். "தலை இன்னொரு தரம் விழுந்திருக்கும். ஏன் இருமினீங்க?"

சேந்தன் கையிலிருந்த பட்டுத்துணியை நான்காய் மடித்து இடுப்பில் செருகிக் கப்பலேறினான்.

இனி ஆணை. அரசமாதேவியார்க்குத் தாங்கள் தெரிந்தெடுக்கும் கண்ணாடியை மஞ்சள் துணிமேல் வைத்து வெயிலில் காட்டுக. நேரான மரம் ஒன்றை அதனூடே நோக்கி அசைத்துப் பார்க்க. கீலும் கைகளும் மூக்கின் அமைவும் மேற்கூறியபடியே ஆராய்க. பழையது என்று சொல்பவன் கையை முகர்ந்து பார்க்க. நல்லதையே அனுப்புக என்பது அரசாணை. அதை மாற்ற இந்த முத்திரைக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் தங்கட்கும் வரிசையில் நிற்கும் ஒருவர் ஊரில் உண்டு என்பதைச் சேந்தன் அறிவான்.

இரு வட்டமும் நடுவே ஒரு கோடும் உடைய கண்ணணி முத்திரை ஈண்டு அரக்கில் இடப்பட்டது. வெய்யனாட்டுத் தூதர் எவரும், எந்நாட்டில் இருப்பினும், இதன்கீழ் வரும் வரியைத் தலைமேற்கொண்டு ஒழுகக் கடவர்:

மன்னர் உறங்குங்கால் அருகில் நிற்போர் இருமற்க.