பிசீச்: தேடிப் போய்க் கெஞ்சுதல்

தை 5, வியாழன். பனி. துணி காயவில்லை.

பண்ணையார் எங்கள் வீட்டைத் திருடிவிட்டார். அப்பா கூலி உயர்த்திக் கேட்டார். அறுவடை முடிந்த மறுநாளே பண்ணையார் ஆள் விட்டுக் கூரையைப் பிரித்தார். மனையைச் சுற்றி முள்வேலி. குடியிருக்கும் கூலிக்காரனை வெளியேற்றக் கூடாதென்று சட்டம் உண்டு. மேடையில் சமத்துவம், தாலுகா ஆபீசில் கையைக் கட்டி நில்.

அப்பா அத்தை வீட்டில். நான் ஒரத்தநாட்டில், பாடம் நடத்தும் டுட்டோரியலின் மாடியறையில். வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பிளேடு.

தை 6, வெள்ளி.

கலெக்டருக்கு மனு, ஆங்கிலத்தில். கேட்டுக்கொள்கிறேன் என்ற பொருளில் 'ரிக்வெஸ்ட்' என்று எழுதியிருந்தேன். வக்கீல் குமாஸ்தா அதை அடித்துவிட்டு 'பிசீச்' (beseech) என்று டைப் செய்தார்.

"கெஞ்சுறேன்னுதானே சார் அர்த்தம்?"

"பின்ன, அதட்டுவியா தம்பி? பி.ஏ. முதுகு கொஞ்சம் வளையட்டும்."

இந்தச் சொல்லை வெள்ளைக்காரனே இப்போது ஜெபத்தில்தான் சொல்வான். இங்கே டைப்ரைட்டரில் உயிரோடு இருக்கிறது.

தை 7, சனி. தலைவலி.

டுட்டோரியல் அகராதி, அட்டை இல்லாதது. பிசீச்: பழைய ஆங்கிலம். உள்ளே இருப்பது 'சீக்', தேடு. முன்னால் ஒட்டிய 'பி' அழுத்தத்துக்கு. விடாமல் ஒருவனைத் தேடிப் போவது. போய்ப் போய்க் கெஞ்சலாகிவிட்டது.

சொல்ல ஆளில்லை. கீழே டீக்கடையில் ஆரம்பித்தேன்.

"டீ ஆறுது, வாத்தியாரே."

தை 8, ஞாயிறு.

அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பா இல்லை.

"பண்ணையாரத் தேடித்தான் அலையுறாரு" என்றாள் அத்தை. "களத்துக்குப் போனா பம்புசெட்டுல இருக்காங்கங்கிறான். அங்க போனா திருவையாத்துக் கச்சேரிக்குப் போயிட்டாங்களாம். அண்ணனும் பஸ் ஏறிட்டாரு. அவருக்கும் கச்சேரி கேக்குற வயசுதான்!"

அவளே சிரித்து, அவளே அழுதாள்.

அந்தச் சொல்லின் பழைய பொருளில் அப்பா நடந்துகொண்டிருக்கிறார். நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தை 9, திங்கள். திருவையாறு. நல்ல வெயில்.

பந்தலுக்கு வெளியே பண்ணையாரின் கார். பக்கத்தில் அப்பா, துண்டு கக்கத்தில். ராத்திரி எங்கே படுத்தாரோ, வேட்டியெல்லாம் மண்.

"நீ ஏன்டா வந்தே? வாயத் தொறக்காத. ஐயா வர்ற நேரம்."

வந்தார். அப்பா குனிந்தார். பண்ணையார் தாளம் போட்டபடி எங்களைத் தாண்டிப் போய் ஏறி உட்கார்ந்தார். நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னை விட்டு நாலடி தள்ளி நின்றார்.

"வேலியப் பிரிச்சுட்டு எங்க மனைய விடுங்க."

கண்ணாடி ஏறியது. வண்டி நகர்ந்தது. கூடவே ஓடினேன், கண்ணாடியைத் தட்டிக்கொண்டு.

"எங்க மனைய விடுங்க!"