புத்தகம் ஒட்டிய சுவர்

விளாங்குடி,
4.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா? இந்தக் கடிதத்திலிருந்து நம் வீட்டில் நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப் போகிறேன். ஃபோனில் உன் பெயரைப் பார்த்தாலே அப்பாவின் முகம் மாறிவிடுகிறது. அதனால் எழுத்துதான் நமக்கு வழி. பதிலை வழக்கம்போல் பிருந்தா வீட்டு முகவரிக்கே போடு.

பெரிய செய்தி, ஹாலுக்கு வால்பேப்பர் ஒட்டியாயிற்று! சுவரில் ஓதம் ஏறிவிட்டது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் தலையணை கனத்துக்கு ஒரு டிசைன் புத்தகத்தை என் மடியில் வைத்து, “நீ கை வைக்கிறதுதான்” என்றார். அம்மா பூப்போட்டதைக் காட்டினாள். நான் புத்தக அலமாரி அச்சடித்ததில் கை வைத்தேன். இப்போது ஹாலில் தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள்! கிட்டே போய்ப் பார்த்தால் எந்தப் புத்தகத்துக்கும் பெயர் இல்லை, வெறும் தங்கக் கோடுகள். அதே முப்பத்தொரு புத்தகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எண்ணிவிட்டேன்.

ஒட்ட வந்தவர் கண்ணுச்சாமி அண்ணன். வாளியில் பசையைக் கரைத்துத் தடவி, கொப்புளம் விழாமல் தேய்த்துத் தேய்த்து ஒட்டினார். ஆரம்பிக்கும் முன் சுவரைத் தடவிப் பார்த்து, “ஓதமே இல்லையே பாப்பா. மூணு கட்டம் மட்டும் புதுப் பெயிண்டாட்டம் தெரியுது. யாரு ஃபோட்டோ மாட்டியிருந்தீக?” என்று கேட்டார்.

மறுநாள் முனீஸ்வரி அத்தை வந்தாள். “ஏ ஆத்தி, அம்புட்டும் நீ படிச்சதாடி?” என்று ஒன்றை உருவப் போய், நகத்தைச் சுவரில் இடித்துக்கொண்டாள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நீ கேட்ட பட்டச் சான்றிதழைத் தேடினேன் அக்கா. கண்ணில் படவில்லை.

அன்புத் தங்கை,
முத்துமீனா


உசிலம்பட்டி,
8.6.2025

அன்பு மீனாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தை நகத்தை இடித்துக்கொண்ட இடத்தை மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாய், சுவரில் இருக்கும் புத்தகங்களை எண்ணியது போதும். கையில் இருப்பதைப் படி.

பட்டத்தை இன்னொரு முறை தேடிப் பார்க்கிறாயா? இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை காலியாக இருக்கிறது. மார்க் ஷீட் எல்லாம் என்னிடம் உண்டு. பட்டத்தைத்தான் வாங்கி வந்த அன்றைக்கே அப்பா ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டாரே! அசல் இல்லாமல் வேலை இல்லை என்கிறார்கள். பதினெட்டாம் தேதிதான் கடைசி நாள்.

நான்கு மாதமாக இந்தத் தெருவில் எனக்கு ‘ஓடி வந்த பிள்ள’ என்றுதான் பெயர். ஒரு சின்னப் பிள்ளை தெருவில் என்னைப் பார்த்து ‘டீச்சர்’ என்று கூப்பிட்டால் போதும் என்று இருக்கிறது மீனா. வேறு எதற்காகவும் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். கண்ணுச்சாமி கேட்டதை எழுதியிருக்கிறாய். அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே?

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் அக்கா,
தமிழ்வாணி


உசிலம்பட்டி,
19.6.2025

அன்பு மீனாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பள்ளி திறந்த நேரம், வேலை இருந்திருக்கும்.

நேற்று பள்ளிக்குப் போனேன். மார்க் ஷீட்டைக் காட்டிக் கெஞ்சிப் பார்த்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். நல்ல பெண்தான். வெளியே வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், பாவம்.

நீ எவ்வளவு தேடியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பயந்து பயந்து பரணில் எல்லாம் ஏறியிருப்பாய். என்னால் உனக்கும் கஷ்டம். இனி தேடாதே. மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
தமிழ்வாணி


பள்ளி நூலகம்,
24.6.2025

அக்கா,

உன் கடிதத்தை நேற்றுச் சாயங்காலம் பிருந்தா கொடுத்தாள். அவள் வீட்டு வாசலிலேயே நின்று படித்தேன்.

நான் தேடவே இல்லை. தேட வேண்டியிருக்கவில்லை. பட்டம் அப்பாவின் பீரோவில், மேல்தட்டில், ஒரு வேட்டியில் சுற்றி இருக்கிறது. பிப்ரவரியில் அவர் அதைச் சுற்றி வைத்தபோது நான் கதவருகில் நின்றிருந்தேன். நீ கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும்.

கண்ணுச்சாமி அண்ணனுக்கு நான்தான் பதில் சொன்னேன். “நாங்க வாங்குன வீடுண்ணே இது. முந்தி இருந்தவங்க மாட்டுனது” என்றேன். “வீட்டுல பிள்ளைக எத்தனை பாப்பா?” என்று கேட்டார். “நான் ஒருத்திதான்” என்றேன். அப்பா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் தலையில் கை வைத்து, “கெட்டிக்காரி” என்றார்.

வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், பிடித்திருந்தது. நீ இருந்தவரை அந்தச் சுவரில் இருந்தது எல்லாம் உன்னுடையது. உன் பட்டம், நீ பரிசு வாங்கிய படம், நீ கறுப்பு அங்கி போட்ட படம். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இப்போது நான் தேர்ந்தெடுத்த சுவரைப் பார்த்தார்கள். பட்டத்தைக் கேட்டால் அப்பா மறுபடியும் உன்னை நினைக்க ஆரம்பித்துவிடுவார் என்றுதான் கேட்கவில்லை. பயத்தினால் இல்லை. இதை எழுதும்போது என் காதெல்லாம் சுடுகிறது.

நேற்று வீட்டுக்குப் போனதும், நீ பட்டம் கேட்டு எழுதியதை அப்பாவிடம் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார்.

“அவ படிச்சு வாங்குனது. அத நான் வச்சு என்ன செய்யப் போறேன்? எம்புட்டு நாளாச்சு அவ கேட்டு?”

“இருபது நாளுக்கு மேல.”

“இருபது நாளா?” என்றார். “அன்னைக்கே சொல்லியிருந்தா உசிலம்பட்டி பஸ்ஸுல கண்டக்டர்ட்டயாச்சும் குடுத்து விட்டுருப்பேனே. ஏண்டி சொல்லல?”

“உங்களுக்குக் கோவம் வரும்னு...”

முழுப் பொய். அவர் என் முகத்தைப் பார்த்தார். அக்கா, அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் ஃபிரேமின் பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துப் பட்டத்தை உருவினார். நான் உறையில் வைக்க மடிக்கப் போனேன். “மடிக்காத. மடிச்சா செல்லாதுன்னுருவாய்ங்க” என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த வால்பேப்பர் ரோலின் அட்டைக் குழாயில் பட்டத்தைச் சுருட்டி வைத்து இரண்டு முனையையும் டேப் ஒட்டி அடைத்தார். காலையில் ரிஜிஸ்டர் தபாலில் அவரே போட்டுவிட்டார். அனுப்புநர் இடத்தில் தன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்.

உன் வேலையை நான்தான் கெடுத்தேன். அப்பா இல்லை. நீ அவரை நினைத்து அழுதிருந்தால் அந்த அழுகையும் என்னால் வந்ததுதான்.

பட்டம் வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுது. அதை அப்பாவுக்கு எழுது, வீட்டு முகவரிக்கு. எனக்கு எழுத வேண்டாம். எனக்கு எப்போது எழுதத் தோன்றுகிறதோ அப்போது எழுதினால் போதும்.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் சோணையம்மாள் அக்கா சாவிக்கொத்தோடு வந்து, “கெளம்பு பாப்பா, பூட்டணும்” என்கிறார். இந்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நூலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

முத்துமீனா